வாசற்படி வரையில் வந்து நிற்கும் சட்டம்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மேற்குத் தாம்பரத்தின் தாழ்ந்த தெருக்களையும் மூழ்கடித்துச் சென்றதிலிருந்து, சென்னைக்குத் தெற்கே வீடு கட்ட முனைகிறவர்கள் பலர் கொத்தனாரிடம் முதலில் பேசுவது பேஸ்மட்டம் எத்தனை அடி என்பதைப் பற்றித்தான். சாலைக்கு மேல் இரண்டடி, மூன்றடி என்று மண் நிரப்பி உயர்த்திய மேடையின்மீது வீடு எழும்புகிறது. பழைய தாரைச் சுரண்டாமலே அதன்மேல் புதுத் தார் போடுகிற வழக்கத்தினால் இன்றைய உயரம் நாளைக்குப் போதாமற் போய்விடுமோ என்ற அச்சம் வேறு அதனுடன் சேர்ந்துகொள்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி நாவலூரிலும் தாழம்பூரிலும் சிறுசேரியிலும் எழுந்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் தரைத்தளத்தைக் கார்களுக்கென்று விட்டுவிட்டு, அதற்கு மேலிருந்துதான் குடித்தனங்கள் தொடங்குகின்றன. வெள்ளத்துக்கு அஞ்சிச் செய்த இந்த ஏற்பாட்டில் குற்றம் காண யாருக்கும் மனம் வராது. ஆயினும், சாலைக்கும் அந்த மேடைக்கும் இடையே அமைந்துவிட்ட நான்கு படிகள், சக்கர நாற்காலியில் வாழ்கிற ஒருவருக்கு, அந்த வீட்டை வாடகைக்குக் கேட்கும் எண்ணத்தையே கைவிடச் செய்யும் அளவுக்குப் பெரிய தடையாகின்றன.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். சாய்தளம் ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டடியாவது நீள வேண்டும் என்பது நம் நாட்டுக் கட்டட நெறிகள் வகுத்திருக்கும் அளவு. பேஸ்மட்டம் இரண்டடியானால் சாய்தளம் இருபத்துநான்கு அடி. வாசலுக்கும் மதிற்சுவருக்கும் நடுவே எட்டடியோ பத்தடியோ மட்டும் விட்ட மனையில் அது நேராக இறங்க வழியில்லை. பக்கவாட்டில் மடக்கினால், நாற்காலி திரும்புவதற்கு ஏறத்தாழ ஐந்தடிச் சதுரம் சமதளமாக வேண்டும். அந்தச் சதுரத்தில் ஒருவருடைய கார் நிற்கிறது, அல்லது தண்ணீர் லாரிக்காரர் குழாய் இறக்கும் சம்ப்பின் மூடி இருக்கிறது. இப்படியாகத்தான், ஒரு சாய்தளம் வேண்டுமென்று ஒரு குடித்தனக்காரர் கொடுத்த விண்ணப்பம், அசோசியேஷன் கூட்டத்தில் சர்ச்சையாகி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கப்பட்டு, நாளடைவில் மறக்கப்பட்டுப் போகிறது. இவ்வாறு மறுப்பதற்குச் சட்டம் எவ்வளவு தூரம் இடம் கொடுக்கிறது, எந்த இடத்தில் தடுக்கிறது, எந்த இடத்தில் ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிடுகிறது என்பதைச் சாதாரண வாசகர்களும் அறிந்திருப்பது அவசியம் என்று நான் கருதுகிறேன்.

ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையை இந்தியா 2007-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி ஏற்று உறுதி செய்தது. அதன் பயனாக, 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருந்து வருகிறது. பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இடம் பெற்றிருக்க, புதியது இருபத்தொன்றைக் கூறுகிறது. ஆட்டிசமும், மனநோயும், தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்களின் நிலையும் அவற்றுள் அடங்கும். சமூகத்தின் நடுவே வாழும் உரிமையை இச்சட்டத்தின் ஐந்தாம் பிரிவு தருகிறது. அரசாங்கத்தின் வீட்டுவசதித் திட்டங்களில் நூற்றுக்கு ஐந்து பங்கு, நாற்பது சதவிகிதத்துக்குக் குறையாத குறைபாடு உடையவர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது முப்பத்தேழாம் பிரிவு. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் நம் விஷயத்துக்கு உயிர்நாடியாக இருப்பது மூன்றாம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு.

குறைபாட்டைக் காரணமாக வைத்து ஒருவரிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, அந்த மூச்சோடு அது ஒரு விதிவிலக்கையும் சேர்த்துச் சொல்கிறது: செய்த காரியம் நியாயமான ஒரு நோக்கத்தை அடைவதற்கு அந்த நோக்கத்தின் அளவுக்கு மிஞ்சாத ஒரு வழியே என்று காட்டப்பட்டாலொழிய. பாகுபாடு என்பதற்குச் சட்டம் தரும் இலக்கணத்தில், நியாயமான சௌகரிய ஏற்பாடு ஒன்றைச் செய்து தர மறுப்பதும் அடங்குகிறது; அதற்கும் ஓர் எல்லை உண்டு; அந்த ஏற்பாடு, செய்து தருகிறவர்மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றக் கூடாது. ஆகவே, மறுக்கிறவருக்குச் சட்டம் இரண்டு தற்காப்புகளைத் தந்திருக்கிறது. நோக்கம் நியாயமானது, வழி அளவோடு கூடியது என்பது ஒன்று. கேட்ட உதவி தாங்க முடியாத பாரம் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் மாற்றுத்திறனாளிகளுக்காகப் போராடுகிறவர்களிற் சிலர் சட்டத்தின் துரோகம் என்றே பேசுவதுண்டு. அந்த அபிப்பிராயத்தை நான் முழுவதும் ஏற்கவில்லை. விதிவிலக்கே இல்லாத கடமையை நீதிமன்றங்கள் நடைமுறையில் மெல்ல மெல்லக் கரைத்துவிடும். எல்லை தெளிவாக வரையப்பட்ட கடமையையோ அப்படிக் கரைப்பது கடினம். நம்முடைய துன்பம், அந்த எல்லை எங்கே இருக்கிறதென்று காட்ட வேண்டியவர் யார் என்பதை நாம் மறந்துவிட்டதில் இருக்கிறது.

காட்டப்பட்டாலொழிய என்கிறது சட்டம். காட்ட வேண்டியவர் மறுக்கிறவர். கேட்கிறவர் தம் வேண்டுகோள் நியாயமானது என்று ஊரைக் கூட்டி நிரூபிக்க வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டின் விதிகள் இதை இன்னும் தெளிவாக்குகின்றன. பாகுபாடு பற்றிய முறையீடு ஒன்று வந்தால், நிறுவனத்தின் தலைவர் ஒன்று அதற்குப் பரிகாரம் செய்ய வேண்டும். இல்லையேல் தம் மறுப்பு எவ்விதத்தில் நியாயமான நோக்கத்துக்குரிய அளவான வழியாகிறது என்பதை முறையிட்டவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சௌகரிய ஏற்பாட்டுக்கு ஆகும் செலவை முழுவதுமாகவோ பகுதியாகவோ தாங்கும்படி மாற்றுத்திறனாளியைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் அவ்விதிகளிலேயே இருக்கிறது.

இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் உரியது, நம் அசோசியேஷனுக்கு எங்கே பொருந்தும் என்று நாவலூர்ச் செக்ரட்டரி ஒருவர் கேட்கக் கூடும். தனியார் நிறுவனம் என்பதற்குச் சட்டம் கூறும் விளக்கத்தில் கம்பெனியும் தொழிற்சாலையும் மட்டுமின்றி, கூட்டுறவுச் சங்கம், ஏனைய சங்கங்கள், கூட்டமைப்புகள் எல்லாம் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. மாதந்தோறும் மெயின்டனன்ஸ் வசூலித்து, பொதுக்குழு கூட்டி, லிஃப்டையும் ஜெனரேட்டரையும் காவலையும் பராமரித்து வருகிற, முறைப்படி பதிவு செய்யப்பட்ட குடியிருப்போர் சங்கம் இந்த விளக்கத்துக்கு வெளியே நிற்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால், சங்கம் எந்த நோக்கங்களைச் சொல்லித் தன்னைக் காத்துக்கொள்ளலாம்? வெள்ளத்தையே எடுத்துக்கொள்வோம். வீட்டுக்குள் தண்ணீர் வராமல் தடுப்பது நியாயமான நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நோக்கம் பேஸ்மட்டத்தை உயர்த்தியதற்குரிய சமாதானம். சாய்தளத்தை மறுத்ததற்குரிய சமாதானமாகாது. வாசலுக்கு வெளியே சாய்வாக இறங்கும் சிமெண்டுத் தளத்தின் வழியாக வெள்ளம் கூடுதலாக உள்ளே வந்துவிடப் போவதில்லை. சோதிக்கப்பட வேண்டியது மறுப்பு என்னும் செயலும் அதன் நோக்கமும்தான். கூட்டங்களில் நடக்கிற குழப்பத்திற் பெரும்பகுதி, ஒரு காரியத்துக்குரிய நல்ல காரணத்தைக் கொண்டுவந்து வேறொரு காரியத்துக்கு ஒட்டவைப்பதனால் விளைகிறது. தீயணைப்பு வண்டி வரும் வழியைச் சாய்தளம் அடைத்துவிடும் என்பது அப்படிப்பட்ட ஒட்டுவேலையல்ல. உண்மையாகவே அது அடைக்குமானால் அது உயிர் சம்பந்தப்பட்ட, மறுக்கவொண்ணாத நோக்கம். அப்போதுங்கூட வழி அளவானதா என்ற இரண்டாவது கேள்வி மிஞ்சுகிறது. பின்வாசல் வழியே அமைக்கலாமா? மடித்து எடுத்து வைக்கக்கூடிய உலோகச் சாய்தளம் போதுமா? நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும் சிறு மேடை லிஃப்ட் வைக்க இடமுண்டா? இவற்றையெல்லாம் ஆராய்ந்து பார்த்து முடியாதென்று தெரிந்த பின்னர் மறுப்பது அளவான வழி. பார்க்காமலே மறுப்பது பாகுபாடு. முகப்பின் அழகு கெடும், வீட்டின் விலை குறையும், இன்று இவருக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்னும் பேச்சுக்கள் முதற் சோதனையிலேயே விழுந்துவிடுபவை.

சுமை என்னும் தற்காப்பு ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறுவது. இருநூறு குடித்தனங்கள் சேர்ந்து நீச்சல் குளத்தைப் பராமரிக்கிற ஒரு வளாகம், ஒரு சாய்தளத்துக்குப் பணமில்லை என்று சொன்னால் அதை எந்த அதிகாரியும் நம்பமாட்டார். ராஜகீழ்ப்பாக்கத்திலோ சேலையூரிலோ நான்கே வீடுகள் கொண்ட பழைய கட்டடத்தில், லிஃப்ட் குழியே இல்லாத இடத்தில், புதிதாக லிஃப்ட் வைத்துக் கொடுங்கள் என்று கேட்டால், அங்கே சுமை என்ற வாதத்துக்குப் பொருளுண்டு. அந்தந்த விஷயத்தைப் பொறுத்து, அந்தந்த மனிதரின் தேவையைக் கேட்டறிந்து, அவரோடு கலந்து பேசித்தான் ஏற்பாட்டைத் தீர்மானிக்க வேண்டும் என்பதை உச்சநீதிமன்றம் 2021 பிப்ரவரியில், விகாஸ் குமார் என்பார் மத்தியத் தேர்வாணையத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் வற்புறுத்தியது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடுடைய ஒருவருக்குத் தேர்வில் எழுத்துத்துணைவர் கொடுக்கலாமா என்பதே அவ்வழக்கு. வீட்டு விவகாரமன்று, எனினும் நியாயமான ஏற்பாடு என்ற கொள்கையை அத்தனை விரிவாக ஆராய்ந்த தீர்ப்பு நம் நாட்டில் அதற்கு முன் இல்லை.

கார் நிறுத்தும் இடத்தைப் பற்றிய சண்டை சாய்தளச் சண்டையைவிட அடிக்கடி நிகழ்வது. லிஃப்டுக்கு அருகிலுள்ள இடம் தமக்கு வேண்டுமென்று ஒருவர் கேட்கிறார். அந்த இடம் குலுக்கலில் வேறொருவருக்கு விழுந்திருக்கிறது. அவரோ, பில்டரிடம் பணம் கொடுத்து வாங்கினேன், தரமாட்டேன் என்கிறார். கட்டடத்தின் கீழ்த்தளத்துக் கார் நிறுத்துமிடத்தைத் தனி வீடு போலப் பில்டர் விற்க முடியாது, அது எல்லோருக்கும் பொதுவானது என்று நஹல்சந்த் வழக்கில் உச்சநீதிமன்றம் 2010-இல் கூறிய தீர்ப்பு மகாராஷ்டிரச் சட்டத்தையொட்டிப் பிறந்ததானாலும், இத்தகைய தாவாக்களில் எடுத்துக்காட்டத் தக்கது. பொது இடமானால் அதை மாற்றி ஒதுக்குவது சங்கத்தின் கையில் இருக்கிறது. ஓரிடத்தை மற்றோரிடத்துக்கு மாற்றிக் கொடுப்பதில் செலவும் இல்லை. ஒருவருடைய பத்திரத்திலேயே அந்த இடம் சேர்ந்திருந்தால் மட்டும், சங்கத்தின் அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது உண்மையிலேயே கடினமான கேள்வியாகிறது. அங்கே சம்மதத்தையும் மாற்று இடத்தையும் கொண்டுதான் காரியம் நடத்த வேண்டும்.

இதுவரையில் சொன்னவை சட்டம் பேசுகிற இடங்கள். இனி அது மௌனமாக இருக்கும் இடத்துக்கு வருகிறேன். உள்ளபடியே என் மனத்தை வருத்துவது அதுதான்.

தாம்பரத்திலோ மேடவாக்கத்திலோ தம் வீட்டின் மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடுகிற தனிமனிதர், நிறுவனம் என்ற விளக்கத்துக்குள் வருவதில்லை. மூன்றாம் பிரிவின் தடை யாருக்கு என்று குறிப்பிடாமல் பொதுவாகச் சொல்லப்பட்டிருப்பதால் அது அவரையும் கட்டும் என்று வாதிக்க இடமுண்டு; ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதிகளெல்லாம் நிறுவனத்தையே முன்னிட்டுப் பேசுவதால், அந்த வாதம் பலமற்றுப் போய்விடுகிறது. அணுகத்தக்கதாக இருக்க வேண்டிய பொதுக் கட்டடங்கள் எவையென்று சட்டம் எண்ணிக் காட்டும்போது பள்ளிக்கூடம், மருத்துவமனை, கடை, கோயில், நீதிமன்றம், ரயில் நிலையம், விமான நிலையம் எல்லாம் வருகின்றன. குடியிருக்கும் வீடு வரவில்லை. வீட்டை வாடகைக்குத் தர மறுப்பது பாகுபாடு என்று நேரடியாகச் சொல்லும் வாசகம் ஒன்றுகூட அச்சட்டத்தில் இல்லை.

அப்படியொரு வாசகத்தை எழுத நம் நாடாளுமன்றத்துக்குத் தெரியாது என்று யாரும் சமாதானம் கூற முடியாது. 2016 டிசம்பரில் இந்தச் சட்டத்தை நிறைவேற்றிய நாடாளுமன்றம், அடுத்த சில மாதங்களுக்குள் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதில் ஒரு சொத்தில் வசிப்பதற்கும், அதை விலைக்கு வாங்குவதற்கும், வாடகைக்கு எடுப்பதற்கும் உள்ள உரிமையை மறுப்பது பாகுபாடு என்று வெளிப்படையாக எழுதியது. 2019-இல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்திலும் ஏறக்குறைய அதே வாசகம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் சட்டத்தில் மட்டும் அது விடுபட்டுவிட்டது. இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நியாயமான காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

அரசியலமைப்பும் இந்த இடத்தில் உதவிக்கு வருவதில்லை. பதினைந்தாம் ஷரத்து மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைச் சொல்கிறது; உடற்குறைபாட்டைச் சொல்லவில்லை; சொன்னவற்றையும் முக்கியமாக அரசாங்கத்தின்மீதே கடமையாக விதிக்கிறது. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டுமே வீடு என்று விதி வைத்திருந்த கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கில், உச்சநீதிமன்றம் 2005-இல் அந்த விதி செல்லும் என்றே தீர்ப்பளித்தது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 மார்ச்சில், பார்வையற்றவர்கள் நீதிபதிகளாகலாமா என்ற வழக்கில், குறைபாட்டின் பேரில் பாகுபாடு காட்டப்படாதிருக்கும் உரிமையை அடிப்படை உரிமைக்கு நிகராகவே கருத வேண்டிய காலம் வந்துவிட்டது என்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் கூறியது நம்பிக்கை தருகிறது. ஆனால் மாடிப் போர்ஷனின் சொந்தக்காரர் வரையில் அந்தத் தீர்ப்பு நீளுமா என்பதைக் காலந்தான் சொல்ல வேண்டும்.

குடிவந்த பிறகும் தொல்லை தீர்வதில்லை. குளியலறையில் ஒரு கைப்பிடி பதிக்க வேண்டும், வாசற்கதவை அகலப்படுத்த வேண்டும் என்றால், 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் குறுக்கே வருகிறது. சொந்தக்காரரின் சம்மதமில்லாமல் நிரந்தரக் கட்டுமானம் எதையும் குத்தகைதாரர் எழுப்பலாகாது என்கிறது அது. கைப்பிடியை நிரந்தரக் கட்டுமானம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், சாய்தளத்தைச் சொல்லலாம். அமெரிக்கர்கள் இந்தச் சிக்கலுக்குக் கண்டுபிடித்த உபாயம் யோசிக்கத் தக்கது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்துக்குள், 1968 ஏப்ரலில், இன வேற்றுமையை எதிர்த்துச் சட்டமாக்கப்பட்ட அவர்களுடைய வீட்டுவசதிச் சட்டத்தில் 1988-இல் மாற்றுத்திறனாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். குடித்தனக்காரர் தம் சொந்தச் செலவில் தேவையான மாற்றங்களைச் செய்துகொள்ளலாம், சொந்தக்காரர் தடுக்கக் கூடாது. வீட்டைக் காலி செய்யும்போது உள்ளே செய்த மாற்றங்களைப் பழையபடி ஆக்கித் தர வேண்டுமென்று, நியாயமான இடத்தில், அவர் நிபந்தனை விதிக்கலாம். தாமும் அதே கட்டடத்தில் வசித்துக்கொண்டு, மொத்தம் நான்கு குடித்தனங்களுக்கு மேற்படாத வீட்டை வாடகைக்கு விடுகிறவருக்கு அச்சட்டத்தின் பெரும்பகுதியிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அவரும், மாற்றுத்திறனாளிகளுக்கு வீடு இல்லை என்று விளம்பரம் செய்ய முடியாது. அந்தத் தடைக்கு விலக்கில்லை. நம் நாட்டிலோ பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் சொல்லாமலே விலக்குக் கிடைத்திருக்கிறது.

மனநோயுற்றவர்களைப் பற்றிய பேச்சு வரும்போது ஆட்சேபம் வேறு உருவம் எடுக்கிறது. ஆபத்து என்கிறார்கள். நாவலூரிலிருந்து கிழக்கே கடற்கரைப் பக்கம் சென்றால் கோவளமும் முட்டுக்காடும் வருகின்றன. முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் நடந்து வருகிறது. கோவளத்தில், 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் தொடங்கிய தி பான்யன் அமைப்பு வேரூன்றியிருக்கிறது. நெடுங்காலம் மனநோய் இல்லங்களிலேயே கழித்த பெண்கள், நாலைந்து பேராகச் சேர்ந்து, ஊர்நடுவே சாதாரண வீட்டில், ஓர் உதவியாளரோடு குடித்தனம் நடத்தும் ஏற்பாட்டை அவ்வமைப்பு 2015 முதல் நடத்தி வருகிறது. கடைக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள், பக்கத்து வீட்டாரோடு பேசுகிறார்கள். இத்தகைய வீட்டைத் தெருவில் அனுமதிக்கக் கூடாதென்று சொல்கிறவர், எந்த மனிதரால், எந்தச் செயலால், என்ன தீங்கு என்பதைக் காட்டியாக வேண்டும். அமெரிக்கச் சட்டத்திலும் பிறருடைய உயிருக்கோ உடைமைக்கோ நேரடி ஆபத்தாக இருப்பவருக்கு வீடு தர வேண்டியதில்லை என்ற விலக்கு உண்டு. ஆனால் அது அந்த ஆளின் நடத்தையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. நோயின் பெயரைக் கேட்டதும் முடிவு செய்துவிடக் கூடியதன்று. குடிப்பழக்கத்திலிருந்தும் போதையிலிருந்தும் மீண்டுவரும் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வாழ்ந்த ஓர் இல்லத்தை, ஒரு குடும்பத்தார்க்குரிய தெருவில் இடமில்லை என்று எட்மண்ட்ஸ் நகரசபை வெளியேற்றப் பார்த்தபோது, அந்த நகர விதி வீட்டுவசதிச் சட்டத்தின் பிடியிலிருந்து தப்ப முடியாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1995-இல் தீர்த்தது.

ஆட்டிசமுள்ள குழந்தை இரவில் ஓடுகிறது, கத்துகிறது, கீழ்வீட்டார் தூங்க முடியவில்லை என்பது நம் அடுக்குமாடிகளில் மெய்யாகவே எழுகிற வழக்கு. கீழ்வீட்டாரின் தூக்கமும் நியாயமான நோக்கந்தான். அதை அலட்சியம் செய்கிறவர்கள் குழந்தைக்கு நன்மை செய்தவர்களாகமாட்டார்கள். தரையில் கனத்த விரிப்புப் போடுவது, குழந்தை படுக்கும் அறையை மாற்றுவது, தரைத்தள வீடு காலியாகும்போது முதலில் அந்தக் குடும்பத்துக்குக் கொடுப்பது என்று படிப்படியாகச் செய்து பார்க்க வேண்டியவை பல இருக்க, வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கமாட்டேன் என்ற முடிவிலிருந்தே தொடங்குவது அளவான வழியாகாது. இன்னொன்றும் உண்டு. குறைபாடு இருப்பதே எனக்குத் தெரியாது என்பதும் ஒரு தற்காப்பு. லண்டனில் லூயிஷம் நகரசபையின் வீட்டில் குடியிருந்த ஒருவர், மனச்சிதைவு நோயின் நடுவே வீட்டை உள்வாடகைக்கு விட்டு உரிமையை இழந்த வழக்கில், பிரபுக்கள் சபை 2008-இல் நகரசபைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நகரசபைக்கு அவர் நோய் தெரியாது என்பது அதற்கு ஒரு காரணம். பிற்பாடு 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அந்தத் தீர்ப்பின் கடுமையைத் தளர்த்திற்று; ஆயினும் அறியாமை என்ற தற்காப்பை விட்டே வைத்தது. நம்மவர்கள் கூச்சத்தினால் குழந்தையின் நிலையை மறைத்து வீடு பிடிக்கிறார்கள். வேறு வழியில்லாமல் செய்வது அது. பின்னால் சண்டை வரும்போது அந்த மௌனமே அவர்களுக்கு எதிர்ச்சாட்சியாக நிற்கும்.

சட்டத்தை நிறைவேற்றித் தருகிற ஏற்பாடு எவ்வளவு பலமுள்ளது? மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. ஆனால் அவர் முடிவாகத் தருவது பரிந்துரை. அதை ஏற்காதவர் மூன்று மாதத்துக்குள் காரணம் சொல்ல வேண்டும். பழைய சட்டத்தின்கீழ் ஆணையருக்குத் தடையாணை பிறப்பிக்கும் அதிகாரமில்லை என்று உச்சநீதிமன்றம் 2010-இல் கூறிவிட்டது. சட்டத்தை மீறியதற்கு முதல்முறை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். மறுமுறை ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரை. பொதுமக்கள் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதத்திலிருந்து ஐந்தாண்டு வரை சிறை. புதிய கட்டடங்களைப் பொறுத்தமட்டில், அணுகல் விதிகளுக்கு இணங்காத வரைபடத்துக்கு அனுமதியும், இணங்காமல் கட்டியதற்கு நிறைவுச் சான்றும் தரக் கூடாதென்று நாற்பத்துநான்காம் பிரிவு சொல்கிறது. அந்த விதிகள் வெறும் ஆலோசனைகளாக இருந்ததைக் கண்ட உச்சநீதிமன்றம், ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8-ஆம் தேதி, பதினைந்தாம் விதியின் முதற்பகுதி மூலச்சட்டத்துக்கு முரணானது என்று தள்ளி, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய குறைந்தபட்ச விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. படி வைத்துக் கட்டிய பிறகு சாய்தளத்துக்கு இடம் தேடுவதைவிட, வரைபடத்திலேயே அதைக் கோடிட்டுவிடுவது எத்தனையோ மலிவானது. அதற்குரிய விதியை ஆலோசனையாக வைத்திருந்த காலத்தில் எழும்பிய கட்டடங்கள்தாம் இன்று பழைய மகாபலிபுரம் சாலையின் இருபுறமும் நிற்கின்றன.

இந்த நிலையில் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. சங்கப் பொறுப்பில் இருக்கிறவர்கள், சாய்தளமோ கார் இடமோ கேட்டு வரும் விண்ணப்பத்துக்கு வாயால் பதில் சொல்லாமல், எதை ஆராய்ந்தீர்கள், எந்த மாற்று வழியைப் பார்த்தீர்கள், ஏன் முடியாது என்பதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். எழுத உட்கார்ந்தால் பாதி மறுப்புக்களுக்குக் காரணம் கிடைக்காது. கேட்கிறவர்களும் எழுத்தில் கேட்டு, தேதியிட்ட நகலை வைத்துக்கொண்டு, பதில் வராவிட்டால் ஆணையரிடம் செல்லுங்கள். மாடிப் போர்ஷன்காரரின் மறுப்புக்கு இன்று எழுத்தாலும் பரிகாரம் இல்லை. எச்.ஐ.வி. சட்டத்திலும் திருநர் சட்டத்திலும் எழுதிய அந்த ஒரு வாக்கியத்தை மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலும் நாடாளுமன்றம் எழுதியாக வேண்டும். நம் தொகுதி உறுப்பினரிடம் அதைக் கேட்பதற்கு நாம் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.